பழைய நிழல் மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் வைத்தால் எந்தப் பறவைகள் போய்விடும்? ஏற்காடு, நாகலூர் பக்கம்

மூன்றேக்கர்:

வணக்கம். ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் எங்களுக்கு மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வாரநாளில் சேலத்தில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறினால் ஞாயிறு ராத்திரிதான் கீழே இறங்குவேன். பறவை பார்க்கும் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அவருக்குப் பெயர்கள் அதிகம் தெரியாது, சத்தம் தெரியும். வாசலில் டீ குடித்துக்கொண்டே, மரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அத்தியில பழம் பழுக்க ஆரம்பிச்சிருச்சு" என்பார். போய்ப் பார்த்தால் பழுத்திருக்கும்.

தோட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கேள்வி புரியும். நடுவில் இடுப்பளவு கல்கட்டு ஒன்று போகிறது. அதற்கு மேல்பக்கம் தாத்தா காலத்து நிழல்: ஒரு பெரிய அத்தி, அத்தி இனத்திலேயே ஒரு இச்சி, நான்கு பலா, வேலியோரம் வரிசையாகக் கல்யாண முருங்கை. கீழ்ப்பக்கமும் முன்பு அப்படித்தான் இருந்தது. பதினைந்து வருடத்துக்கு முன்னால் அப்பா அங்கிருந்த மரங்களை எடுத்துவிட்டு சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றினார். அந்த மிளகுதான் என்னைக் கல்லூரியில் படிக்க வைத்தது, அதனால் அவர் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் ஒரே காப்பி, ஒரே உயரம், ஒரே மண். மேலே இருக்கும் நிழல் மட்டும் வேறு.

இப்போது மர வியாபாரி ஒருவர் பலாவுக்கு நல்ல விலை சொல்கிறார். "அத்தி விறகுக்குத்தான் ஆகும், அதையும் சேர்த்து எடுத்து இடத்தைச் சுத்தம் பண்ணித் தர்றேன், மொத்தமும் சில்வர் ஓக் வெச்சிருங்க" என்கிறார். அண்ணனுக்கு அதில் விருப்பம். எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மனசு வரவில்லை என்று மட்டும் சொன்னால் வீட்டில் நிற்காது.

அதனால் போன பொங்கலிலிருந்து நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன். ஒரு வருடத்தில் மேல்பாதியில் 54 வகை, கீழ்ப்பாதியில் 31. மேலே மட்டும் பார்த்தவை என்றால் பச்சைப்புறா, கருந்தலை மாங்குயில், பொன்முதுகு மரங்கொத்தி, புள்ளி ஆந்தை, அப்புறம் வெண்கன்னக் குக்குறுவான். இந்தக் குக்குறுவான்தான் எனக்கு முக்கியம். ஏற்காட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அதன் சத்தம் தெரியும், நாள் பூராவும் குட்ரூ குட்ரூ என்று கத்தும், இலைக்குள் இலையாக இருப்பதால் கண்ணில்தான் படாது.

மூன்று வாரமாக ஒரு ஜோடி, வேலியோரக் கல்யாண முருங்கையில் ஒரு பட்ட கிளையைக் குடைந்துகொண்டிருக்கிறது. கிளை சாய்ந்து நிற்கிறது, பொந்து அதன் அடிப்பக்கம் இருக்கிறது, மழைத்தண்ணீர் உள்ளே இறங்காது. முதல் வாரம் ஐந்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம், அவ்வளவுதான். போன வாரம் பறவையின் பாதி உடம்பு உள்ளே போனது, வாலும் முதுகும் மட்டும் வெளியே தெரிந்தன. இன்று காலை முழுசாக உள்ளே போய்விட்டு, திரும்பி, வாய் நிறைய மரத்தூளோடு தலையை நீட்டி அதை உதறியது. கீழே இருந்த காப்பி இலைகளின் மேல் மாவு சலித்த மாதிரி தூள் படிந்திருந்தது. அந்தப் பட்ட கிளையைத்தான் மேஸ்திரி வருகிற மாதம் நிழல் கழிக்கும்போது, அதாவது நிழல் மரக் கிளைகளைக் குறைக்கும்போது, முதலில் வெட்ட வேண்டும் என்று குறி போட்டு வைத்திருக்கிறார்.

நான் கேட்க நினைப்பது இதுதான். மலையில் பறவைகள் உயரத்தைப் பார்த்துத் தங்குகின்றனவா, மரத்தைப் பார்த்தா? உயரம்தான் முக்கியம் என்றால் சில்வர் ஓக் வைத்தாலும் இதே பறவைகள் இருக்கும் என்று அண்ணன் சொல்வது சரி. அப்படியில்லை என்றால், முதலில் போகிறவை எவை? மிளகையும் விடாமல் பறவையையும் விடாமல் நடுவழி ஏதாவது இருக்கிறதா?

அடிவாரத்து வாத்தியார்:

அம்மா, நல்ல கேள்வி. நான் கன்னங்குறிச்சி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். காலையில் மூக்கனேரிக் கரையில் ஒரு சுற்று, மாதத்தில் இரண்டு நாள் மலைப்பாதை, இதுதான் இப்போது என் வேலை. உங்கள் கேள்விக்கு என்னுடைய பதில்: இரண்டும்தான். ஆனால் உயரம் செய்கிற வேலை வேறு, மரம் செய்கிற வேலை வேறு.

உயரத்தை முதலில் சொல்கிறேன். சேலம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர்கூட இல்லை, ஏற்காடு 1,500 மீட்டர். நடுவில் 20 கொண்டை ஊசி வளைவு. அடிவாரத்தில் காதில் விழுகிற குக்குறுவான் செம்மார்புக் குக்குறுவான், டங்க் டங்க் என்று செப்புப் பாத்திரம் தட்டுகிற மாதிரி ஒரே சீராகக் கத்துமே, அது. மேலே போனால் அதன் இடத்தில் உங்கள் வெண்கன்னம் வந்துவிடும். கொண்டைக்குருவியும், அதாவது சின்னானும், அப்படித்தான். கீழே வாலடியில் மட்டும் சிவப்பு இருக்கிற செம்புழைச் சின்னான், முட்புதருக்குள் வெண்புருவச் சின்னான். மேலே காப்பிக்குள் கன்னத்தில் சிவப்புப் பொட்டும் தலையில் கூரான கொண்டையும் வைத்த செம்மீசைச் சின்னான். கீழிருந்து மேலே போகப் போக சொந்தக்காரர்கள் ஒருவருக்கொருவர் இடம் மாற்றிக்கொள்வது போல இருக்கும்.

இதில் சேராத ஒன்று உண்டு. அடிவாரத்துக்கு மேலே, பெரிய பெரிய பாறைகள் உருண்டு கிடக்கிற புதர்ச்சரிவில் மஞ்சள் தொண்டைச் சின்னான் இருக்கிறது. தென்னிந்தியாவின் பாறைக் குன்றுகளை விட்டால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, அழியும் ஆபத்துள்ள பறவைகளின் உலகப் பட்டியலில் இருக்கிறது. நான் அதை நன்றாகப் பார்த்தது ஒரே ஒரு முறை. அறுபதடிப் பாலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாறையிடுக்கில் முளைத்திருந்த ஒரு இச்சிக் கன்றில் வந்து உட்கார்ந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த உடம்பு, தொண்டையில் மட்டும் மஞ்சள் தடவின மாதிரி. நாலு பழம் தின்றுவிட்டுப் பாறைக்குப் பின்னால் போய்விட்டது. அந்தப் பறவைக்கு உங்கள் தோட்டம் எவ்வளவு பசுமையாக இருந்தாலும் பயனில்லை, அதற்கு வேண்டியது பாறையும் புதரும். "வெறும் கல்லுக்காடுதானே" என்று நாம் ஒதுக்குகிற இடம் அதற்கு வீடு.

சரி, உங்கள் விஷயம். சேர்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலை என்று பெயர்தானே தவிர, தொடர்ச்சியாக இல்லை. சித்தேரி, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, எல்லாம் நடுவில் சமவெளி கிடக்க, தனித்தனித் தீவு மாதிரி நிற்கின்றன. வெண்கன்னக் குக்குறுவானின் பெரிய இருப்பு மேற்குத் தொடர்ச்சி மலையில். கிழக்கே அது முக்கியமாக இருப்பது நம் சேர்வராயனிலும் பக்கத்துச் சித்தேரியிலும்தான். வாலாட்டி போல வருடா வருடம் தூர தேசத்திலிருந்து வந்துபோகிற பறவை இல்லை அது, பிறந்த இடத்தைச் சுற்றியே வாழ்வது. இங்கே குறைந்துவிட்டால் சேலம் வெயிலைத் தாண்டி வேறு மலையிலிருந்து வந்து நிரப்ப ஆள் இல்லை.

காப்பி வந்ததால் பறவை போனது என்றும் சொல்ல முடியாது. காக்பர்ன் என்கிற வெள்ளைக்காரக் கலெக்டர் இங்கே காப்பியைக் கொண்டுவந்து 200 வருடம் ஆகிறது. 1929, 30-இல் வெர்னே என்பவரின் செலவில் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பறவைகளைச் சேகரித்துப் பட்டியல் போட்டார்கள், சேர்வராயனுக்கும் வந்தார்கள். அப்போதே இங்கே நூறு வருடத்துக் காப்பி நின்றது. அதற்குள்தான் இந்தப் பறவைகள் இருந்தன. காப்பிச் செடி காட்டின் அடியில் வளர்கிற செடி, மேலே காடு மாதிரி ஒன்று நின்றால் போதும், பறவை அனுசரித்துக்கொள்ளும். அந்த மேல்கூரையை ஒரே மரமாக மாற்றுவதில்தான் எனக்குப் பயம். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதன் காய் காய்ந்த ஓடு, உள்ளே சிறகு வைத்த விதை. பழம் தின்னும் பறவைக்கு அதில் ஒன்றுமே இல்லை. நேராக, வழவழப்பாக, சீக்கிரம் வளர்ந்து சீக்கிரம் வெட்டப்படுகிற மரம், பொந்து விழுகிற வயது வரை அது நிற்பதே இல்லை.

ஆக, முதலில் போகிறவை பழம் தின்பவையும் பொந்தில் முட்டை வைப்பவையும். உங்கள் குக்குறுவான் இரண்டிலுமே வருகிறது.

நோட்டும் பென்சிலும்:

அக்கா, உங்கள் நோட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் விலங்கியல் படிக்கிறேன், பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் நான்கு வருடமாகச் சேலத்தில் கலந்துகொள்கிறேன். 54, 31 என்று சொன்னீர்கள். மேல்பாதியில் எவ்வளவு நேரம் நின்றீர்கள், கீழே எவ்வளவு நேரம்? வீடு மேல்பாதியில் இருந்தால் டீ குடிக்கும்போது பார்த்ததும் அதில் சேர்ந்திருக்கும். அண்ணன் அதைக் கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் 15 நிமிடம், கடிகாரம் வைத்து. ஒரு வாரம் மேலே தொடங்கினால் அடுத்த வாரம் கீழே தொடங்குங்கள். விடிந்த முதல் அரை மணியில்தான் சத்தம் அதிகம், எப்போதும் ஒரே பக்கம் தொடங்கினால் அந்தப் பக்கத்துக்கே லாபம்.

அடுத்தது இன்னும் முக்கியம். பெயரை மட்டும் எழுதாதீர்கள். எந்த மட்டத்தில் இருந்தது என்று எழுதுங்கள்: தரை, காப்பிச் செடி, அடிமரமும் மிளகுக்கொடியும், மர உச்சி, மேலே பறந்து போனது. என்ன செய்தது என்றும் எழுதுங்கள்: பழம் தின்றதா, பூவில் தேன் எடுத்ததா, பூச்சி பிடித்ததா, கூடு கட்டியதா, சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனதா. சில்வர் ஓக் உச்சியில் சாம்பல் கரிச்சான் உட்கார்ந்திருந்தால் அது அங்கிருந்து பூச்சி பிடிக்கிறது, அது உண்மையான பயன்பாடு. மாங்குயில் அதே மரத்தில் ஒரு நிமிடம் நின்று அத்திக்குப் போனால் அது வெறும் வழி. இரண்டும் நோட்டில் ஒரே மாதிரி "சில்வர் ஓக்கில் பார்த்தேன்" என்று இருந்தால் கணக்கு பொய் சொல்லும்.

சில்வர் ஓக்குக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் அது ஆரஞ்சு நிறத்தில் பூக்கும்போது நின்று பாருங்கள், தேன்சிட்டும் சின்னானும் மொய்க்கும். கீழ்ப்பாதித் தரையில் இலைச்சருகு கனமாக இருந்தால் கொடிக்கால் வாலாட்டி கட்டாயம் இருக்கும். மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும், இது மட்டும் உடம்போடு சேர்த்து வாலைப் பக்கவாட்டில் ஆட்டிக்கொண்டே காப்பிச் செடிகளுக்கு அடியில் நடக்கும். அதற்கு நிழலும் சருகும் போதும், மேலே நிற்பது என்ன மரம் என்பது பெரிய விஷயம் இல்லை என்பது என் அனுபவம். ஏப்ரலில் வடக்கே போய்விடும், அதற்குள் பாருங்கள்.

கொட்டச்சேடு மகள்:

எங்கள் அப்பா முப்பது வருடம் எஸ்டேட்களில் நிழல் கழிக்கிற வேலை செய்தவர். இந்தக் கேள்வியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை எழுதுகிறேன்.

மேஸ்திரியிடம் சொல்லி அந்தப் பட்ட கிளையை விடச் சொல்லுங்கள். குக்குறுவான் பொந்து தோண்டி முடிக்கவே இருபது நாள் ஆகும். அப்புறம் முட்டை, அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சு வெளியே வர ஐந்து வாரத்துக்கு மேல். கூட்டிப் பாருங்கள், இப்போது தோண்டுகிற ஜோடியின் குஞ்சு பறக்க ஏப்ரல் கடைசி, மே கூட ஆகிவிடும். நாம் நிழல் கழிப்பது சரியாக அதே மாதங்களில், மழைக்கு முன்னால். அப்பா சொல்கிறார், வெட்டிப்போட்ட கிளைக்குள் இறக்கை முளைக்காத குஞ்சுகளை அவரே பார்த்திருக்கிறார், அதற்குப் பிறகு பொந்து இருக்கிற கிளையைத் தட்டிப் பார்க்காமல் அரிவாள் வைத்ததில்லை என்று. இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறிவிட்டது.

பட்ட கிளை காப்பி மேல் விழும் என்று பயந்தால் நுனியை மட்டும் குறைத்துவிட்டு, பொந்துக்கு மேலே ஒரு முழம் விட்டுவிடலாம். குக்குறுவான் விட்டுப்போன பொந்தில் அடுத்த வருடம் பட்டாணிக்குருவியும் மைனாவும் குடிவரும். அவற்றுக்குத் தோண்டத் தெரியாது, யாராவது தோண்டிக் கொடுக்க வேண்டும்.

மிளகு பற்றிக் கேட்டீர்கள். மிளகுக்கு சில்வர் ஓக்தான் வேண்டும் என்று யார் சொன்னது? முன்பெல்லாம் கல்யாண முருங்கையில்தான் ஏற்றுவார்கள். ஆடி மழைக்கு முன்னால் போத்து, அதாவது கிளைத்துண்டு, வெட்டி நட்டால் வேர் பிடித்துவிடும். இடையில் இலையில் முடிச்சு முடிச்சாக விழுகிற பூச்சி வந்து நிறைய மரம் போயிற்று, அதில்தான் பலரும் சில்வர் ஓக்குக்கு மாறினார்கள். உங்கள் வேலியில் இன்னும் நன்றாக நிற்கிறது என்றால் அந்த மரங்களிலிருந்தே போத்து எடுங்கள். தை, மாசியில் இலை உதிர்த்துச் சிவப்பாகப் பூத்து நிற்கும்போது அதில் வந்து உட்காராத பறவை உண்டா?

எங்கள் ஊர்க் கோயில் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்க மாட்டோம், சாமி குத்தம். அங்கே இருக்கிற இச்சியில் பழம் இல்லாத மாதங்களில் பறவைகள் எங்கே போகின்றன என்று சின்ன வயதில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அடுத்த அத்திக்கு" என்றார். எல்லா அத்தியும் இச்சியும் ஒரே சமயத்தில் பழுப்பதில்லை, ஒன்று முடிந்தால் இன்னொன்று. உங்கள் மரம் அந்த வரிசையில் ஒன்று. நீங்கள் அதை எடுத்தால் எங்கள் ஊர்ப் பறவைக்கும் ஒரு மாதச் சாப்பாடு குறையும், அக்கா.

ஒரு விஷயம், பலாவோ சில்வர் ஓக்கோ எதை வெட்டினாலும் அனுமதி வாங்காமல் வெட்டாதீர்கள். மலைப்பகுதி மரங்களுக்கு 1955-இலிருந்தே சட்டம் இருக்கிறது. "நான் பார்த்துக்கறேன்" என்று சொல்கிற வியாபாரியை நம்பி எங்கள் பக்கம் ஒரு குடும்பம் அலைந்த அலைச்சல் போதும்.

மூன்றேக்கர்:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது, காரணம் நான் திரும்ப எண்ண ஆரம்பித்தேன்.

தம்பி சொன்னது சரி. பழைய நோட்டில் மேல்பாதிக்குத்தான் நேரம் அதிகம், வீட்டு வாசல் அங்கேதான். இரண்டு ஞாயிறு, பக்கத்துக்கு 15 நிமிடம் வைத்துப் பார்த்ததில் வித்தியாசம் நான் நினைத்த அளவுக்கு இல்லை: முதல் வாரம் மேலே 19, கீழே 14. அடுத்த வாரம் 17, 13. முதலில் ஏமாற்றமாக இருந்தது. ஆனால் என்ன செய்தது என்ற பத்தியை நிரப்பிவிட்டுப் பார்த்தபோது வேறு மாதிரி தெரிந்தது. கீழே இருந்தவை கிட்டத்தட்ட எல்லாமே பூச்சி பிடிப்பவை: கதிர்க்குருவி, கரிச்சான், பழுப்பு ஈப்பிடிப்பான். அங்கே பழம் தின்றதாக இரண்டு வாரத்திலும் ஒரு வரிகூட இல்லை. பொந்து ஒன்றும் இல்லை. மேலே குறைந்தது ஆறு வகை பழத்துக்காகவே வந்திருந்தன. கொடிக்கால் வாலாட்டியையும் பார்த்தேன், கீழ்ப்பாதியில், சருகுக்குள், நீங்கள் சொன்ன மாதிரியே உடம்பை ஆட்டிக்கொண்டு. பதினைந்து வருடமாக அந்தப் பக்கத்தை நான் பொருட்டாகவே நினைத்ததில்லை.

அண்ணனை மேலே கூட்டிக்கொண்டு போனேன். நோட்டைக் காட்டவில்லை. கல்யாண முருங்கைக்குக் கீழே நிற்க வைத்தேன். தூள் விழுவது நின்றுவிட்டது, அடைகாக்கிறது போலிருக்கிறது. அரை மணி நேரம் கழித்து வெளியிலிருந்து ஒன்று பறந்து வந்தது, உள்ளே இருந்தது தலையை நீட்டிப் பார்த்துவிட்டு வெளியேறியது, வந்தது உள்ளே போனது. அண்ணன், "ஷிப்ட் மாத்துதா?" என்றான். அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டு எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

முடிவு இப்படி ஆகியிருக்கிறது. அத்தி, இச்சி, பலா எதையும் தொடுவதில்லை. பணம் வேண்டியது உண்மை, அதற்குக் கீழ்ப்பாதியில் முற்றின சில்வர் ஓக்கில் கொஞ்சத்தை விற்க மனுப் போடப் போகிறோம். அந்த இடைவெளியில் வேலியிலிருந்து போத்து எடுத்து நட்டு மிளகைத் திரும்ப ஏற்றுவது. இரண்டு பலாக் கன்றும் ஒரு அத்திக் கன்றும் கல்கட்டுக்குக் கீழே வைக்கிறேன். மேஸ்திரி பட்ட கிளையில் தன் சுண்ணாம்புக் குறியை அழித்துவிட்டு நுனியை மட்டும் ஜூனில் எடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். கொட்டச்சேடு தங்கையின் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அந்தக் கணக்கை அப்படியே அவரிடம் சொன்னேன்.

வாத்தியார் ஐயா, அறுபதடிப் பாலத்துப் பாறைச்சரிவுக்கு அடுத்த முறை நீங்கள் போகும்போது எனக்குச் சொல்லுங்கள், நானும் வருகிறேன். இந்த ஞாயிறு வேண்டாம், இந்த வாரம் கீழ்ப்பாதியில் தொடங்க வேண்டிய முறை.